ஊசி குத்தினால் மறைக்காதீர்கள்: ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் தம்பதிகளுக்கு



காலை ஆறரை மணிக்கு உங்கள் ஊர் வழியாகப் போகும் பஸ்ஸைப் பாருங்கள். மில் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்களோடு, டவுன் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறவர்களும் நாலைந்து பேராவது அதில் இருப்பார்கள். வார்டைக் கூட்டித் துடைக்கும் தூய்மைப் பணியாளர், பிரசவ அறையில் கூட நிற்கும் ஆயா, நோயாளியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி இறக்கும் ஆண் பணியாளர், ரத்தக் கறைத் துணி வெளுப்பவர், லேபில் பாட்டில் கழுவுபவர், நர்ஸ் என்று அவர்களில் பலவகை உண்டு.

"அவளுக்கென்ன, வெயிலில் காயாமல் காத்தாடிக்குக் கீழே வேலை" என்று தெருவில் பேசுவார்கள். வெயில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஆஸ்பத்திரியில் குத்துகிற ஊசி, முகம் தெரியாத ஒருவருடைய ரத்தத்தைச் சுமந்துகொண்டு வந்து குத்துகிறது. வயலில் இந்த ஆபத்து கிடையாது.

இந்தப் பிரசுரத்தைக் கணவனும் மனைவியும் சேர்ந்து படியுங்கள். ஒருவருக்குப் படிக்க வராவிட்டால் மற்றவர் வாசித்துச் சொல்லுங்கள். வேலைக்குப் போவது ஒருவராக இருக்கலாம். அங்கிருந்து வரும் தொற்று இரண்டு பேருக்கும் வரலாம், வயிற்றில் வளரும் பிள்ளைக்கும் வரலாம்.

படியில் இடித்துக்கொண்டேன் என்று சொன்ன பெண்

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். தாலுகா ஆஸ்பத்திரியில் ஒப்பந்தக்காரரிடம் சம்பளத்துக்குத் தூய்மை வேலை பார்க்கிறாள் ஒரு பெண். கல்யாணமாகி நாலு வருஷம். ஒரு குழந்தை இருக்கிறது. இரண்டாவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாள் குப்பைப் பையைத் தூக்கி இடுப்பில் சாய்த்தபோது தொடையில் சுருக்கென்று ஏதோ குத்தியது. பார்த்தால் பைக்கு வெளியே ஊசி முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. யாரோ ஒருவர் ஊசியைப் போட வேண்டிய டப்பாவில் போடாமல் பஞ்சோடு பஞ்சாகப் பையில் போட்டுவிட்டார். அவள் இடத்தைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

சாயங்காலம் புருஷன் கேட்டான்: "என்ன புள்ள, நொண்டுற மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க, படியில இடிச்சுக்கிட்டேன்."

ஏன் பொய் சொன்னாள்? சூப்பர்வைசரிடம் சொன்னால் "உனக்குக் கவனம் இல்லை" என்று திட்டு விழும், ஒருவேளை நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம் என்பார். ரத்தப் பரிசோதனை என்றால் ஊர் என்ன நினைக்குமோ என்ற பயம். எல்லாவற்றுக்கும் மேலாக, எய்ட்ஸ் என்ற சொல் வீட்டுக்குள் வந்துவிட்டால் புருஷன் தன்னை எப்படிப் பார்ப்பானோ என்ற பயம். மூன்று பயமும் நியாயமானவைதான். அவளைக் குறை சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. ஆனால் அந்த ஒரு பொய்யினால் அவளுக்கு இருந்த மருந்தும் நேரமும் கைவிட்டுப் போய்விட்டன. எப்படி என்று சொல்கிறோம்.

ஊசி வழியாக வருவது என்ன?

முக்கியமாக மூன்று கிருமிகள்: மஞ்சள் காமாலை பி, மஞ்சள் காமாலை சி, எச்.ஐ.வி. கேட்டால் எல்லோரும் மூன்றாவதற்குத்தான் நடுங்குவார்கள். கணக்கு வேறு விதமாக இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவருடைய ரத்தம் பட்ட ஊசி 1000 பேரைக் குத்தினால் சுமார் 3 பேருக்குத் தொற்றும். சி வகை என்றால் 100 பேருக்கு 2 பேர், அல்லது அதற்கும் குறைவு. பி வகை உள்ள ரத்தம் என்றால், தடுப்பூசி போடாத 100 பேரில் 6 பேர் முதல் 30 பேர் வரை தொற்றும். நாம் அதிகம் பயப்படும் கிருமி குறைவாகத் தொற்றுகிறது. "காமாலைதானே" என்று அலட்சியமாக இருக்கும் கிருமி பல மடங்கு அதிகமாகத் தொற்றுகிறது. மூன்றில் தடுப்பூசி இருப்பதும் இந்த பி வகை ஒன்றுக்குத்தான்!

பி வகைக் கிருமி உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத் துளியில்கூட 7 நாள் வரை உயிரோடு இருக்கும். ஆகவே "பழைய ஊசி, காய்ந்துபோனது" என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது.

தொற்றிய அன்று ஒன்றும் தெரியாது. ஒன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் பசியின்மை, வாந்தி, சோர்வு, கண்ணில் மஞ்சள் தெரியலாம். பலருக்கு எதுவுமே தெரியாது. வயது வந்தவர்களில் பெரும்பாலோர் உடலே கிருமியை வென்றுவிடும். சிலருக்கு மட்டும் அது கல்லீரலில் தங்கிவிடும். இருபது முப்பது வருஷம் கழித்துக் கல்லீரல் சுருங்குவதும் புற்றுநோய் வருவதும் இதனால்தான். நம் பக்கத்தில் காமாலை என்றால் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது வழக்கம். பத்தியம் இருந்து மஞ்சள் மறைந்ததும் நோய் போய்விட்டது என்று விட்டுவிடுவார்கள். கண் வெளுத்துவிட்டாலும் கிருமி ரத்தத்தில் இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

சரி, இது வீட்டுக்குள் எப்படி வருகிறது? பி வகை தாம்பத்திய உறவு வழியாகக் கணவனிடமிருந்து மனைவிக்கும், மனைவியிடமிருந்து கணவனுக்கும் பரவும். ஷேவிங் பிளேடு, பல் துலக்கும் பிரஷ் இரண்டையும் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டால் பரவும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவும். அப்படிப் பிறக்கும்போதே கிருமி புகுந்த பிள்ளைகளில் 10க்கு 9 பேர் வரை ஆயுள் முழுக்க அதைச் சுமப்பார்கள். வயது வந்தவர்களில் இது 100க்கு 5 பேருக்கும் குறைவு. தாயின் உடல் தள்ளிவிடும் கிருமியைச் சிசுவின் உடலால் தள்ள முடிவதில்லை. அதனால்தான் பிள்ளை பிறந்த 24 மணி நேரத்துக்குள் பி வகைத் தடுப்பூசி போடச் சொல்கிறோம். தாய்க்குக் கிருமி இருப்பது தெரிந்தால் அதோடு எதிர்ப்புச் சத்து ஊசி ஒன்றும் போடுவார்கள். பிறகு 6, 10, 14 வாரங்களில் போடும் ஐந்துநோய்த் தடுப்பூசியிலும் இந்த மருந்து சேர்ந்தே இருக்கிறது. "பிறந்த குழந்தைக்கு ஊசியா, நாளைக்குப் பார்க்கலாம்" என்று பாட்டி சொன்னால், மரியாதையாக ஆனால் உறுதியாக "இன்றைக்கே போடணும் அத்தே" என்று சொல்லிவிடுங்கள்.

ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே தம்ளரில் குடிப்பது, தொடுவது, பிள்ளையைக் கொஞ்சுவது, இவற்றால் பி, சி, எச்.ஐ.வி. எதுவும் பரவாது. கிருமி இருப்பவரைத் திண்ணையில் ஒதுக்கி வைப்பது கொடுமை, அதனால் ஒரு பயனும் கிடையாது.

குத்திவிட்டது. இப்போது என்ன செய்வது?

உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்கி ரத்தம் எடுக்காதீர்கள். விரலை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். குத்தியதும் விரல் தானாக வாய்க்குப் போகும், அது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். சுண்ணாம்பு, மஞ்சள், ஸ்பிரிட், பிளீச்சிங் எதுவும் தடவ வேண்டாம். கண்ணில் ரத்தம் தெறித்தால் சுத்தமான தண்ணீரால் நன்றாக அலசுங்கள். சோப்பு வேண்டாம்.

அடுத்து, அந்த மணி நேரத்திலேயே பொறுப்பு நர்ஸிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள். வேலை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். 72 மணி நேரம் என்பது மூன்று நாள். நாலாம் நாள் மனசு கேட்காமல் போய்ச் சொன்னால் அந்த மாத்திரையால் பலன் இராது. பி வகைத் தடுப்பூசி போடாதவருக்கு எதிர்ப்புச் சத்து ஊசியை 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது, கூடவே தடுப்பூசியும் ஆரம்பிப்பார்கள். நம் கதையில் வந்த பெண் கைவிட்டது இந்த மூன்று நாளைத்தான்.

அன்றைக்கே உங்கள் ரத்தத்தையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். "இன்றைக்கு எடுத்தால் என்ன தெரியும்?" என்று சிலர் கேட்கிறார்கள். குத்திய அன்று கிருமி இல்லை, பிறகு வந்திருக்கிறது என்றால், அது வேலையில் வந்தது என்பதற்கு அந்தக் காகிதம்தான் சாட்சி. ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் தேதி, நேரம், எந்த வார்டு என்று எழுதச் சொல்லி, முடிந்தால் அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

சி வகைக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் பயந்து சாக வேண்டியதில்லை. 12 வாரம் அல்லது 24 வாரம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலோருக்குப் பூரண குணம் ஆகிவிடுகிறது. அரசின் தேசியத் திட்டத்தில் அது இலவசம்.

இனி கணவன் மனைவி இருவருக்கும் ஒரு வார்த்தை. குத்து வாங்கியவர் எச்.ஐ.வி. பரிசோதனைகள் முடிந்து டாக்டர் சரி என்று சொல்லும் வரை, அதாவது மூன்று முதல் ஆறு மாதம் வரை, நிரோத் உபயோகியுங்கள். அடுத்த குழந்தையை அதுவரை தள்ளி வையுங்கள். இரத்த தானம் செய்யாதீர்கள். தாய்ப்பால் கொடுப்பவர் என்றால் முதல் நாளே டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். யார் வந்தார்கள், என்ன முடிவு வந்தது என்பது வெளியே போகாது. 104 என்ற எண்ணில் போன் செய்தும் ஆலோசனை கேட்கலாம்.

புருஷன் அறிய வேண்டியது: வேலையில் ஊசி குத்துவது ஒழுக்கத்தைப் பற்றிய சமாசாரம் இல்லை. வயலில் அரிவாள் வெட்டுவதைப் போல அது ஒரு விபத்து. "எப்படிக் குத்திச்சு? எப்போ குத்திச்சு? டாக்டர்கிட்ட சொல்லியாச்சா?" இந்த மூன்றைக் கேளுங்கள். வேறு எதையும் அன்றைக்குக் கேட்காதீர்கள். ஆண் பணியாளர்களுடைய மனைவிமாருக்கும் இதே வார்த்தைதான். ஆண்களும் வெட்கப்பட்டு மறைப்பதுண்டு.

குத்தாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

முதல் வேலை தடுப்பூசி. இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதம் ஒன்று. மூன்றும் போட்டால்தான் முழுப் பாதுகாப்பு. இரண்டு போட்டுவிட்டு மூன்றாவதை மறப்பவர்களே அதிகம். ஆறு மாதம் என்பது ஒரு அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் நடுவில் மறந்துபோகிற காலம். மறந்துவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. விட்டதைப் போட்டுக்கொண்டால் போதும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இதைப் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் ஒருவருக்குக் கிருமி இருப்பது தெரிந்தால் அவருடைய துணையும் பிள்ளைகளும் பரிசோதித்துத் தடுப்பூசி போட வேண்டும். 2018 ஜூலையில் தொடங்கிய தேசியக் கல்லீரல் அழற்சித் தடுப்புத் திட்டம் மருத்துவப் பணியாளர்களுக்கு இதை இலவசமாகத் தரச் சொல்கிறது.

வேலையில் கவனிக்க வேண்டியது: போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டாதீர்கள், கையால் வளைக்காதீர்கள். குத்துகள் பல அந்த ஒரு நொடியில்தான் நடக்கின்றன. ஊசியும் பிளேடும் குத்தினால் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவுக்குள் போக வேண்டும். டப்பா முக்கால் பாகம் நிறைந்ததும் மாற்ற வேண்டும். நிறைந்த டப்பாவில் கையால் அழுத்தித் திணிக்கக் கூடாது. குப்பை எடுப்பவர்கள் பையைக் கழுத்தைப் பிடித்துத் தூக்குங்கள், அடியில் கை கொடுக்காதீர்கள், இடம் பண்ணக் காலால் மிதிக்காதீர்கள். டாக்டர் போடும் மெல்லிய கையுறை உங்களுக்குப் போதாது. முழங்கை வரை வரும் தடித்த ரப்பர் கையுறையும், செருப்புக்குப் பதில் மூடின பூட்ஸும் வேண்டும்.

சின்னக் கீறல்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய சம்பவம். 1847ஆம் ஆண்டு ஐரோப்பாவில் வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு வந்த தாய்மார்கள் காய்ச்சல் வந்து கொத்துக் கொத்தாக இறந்துகொண்டிருந்தார்கள். அங்கே வேலை பார்த்த செமல்வைஸ் என்ற டாக்டருக்குக் காரணம் பிடிபடவில்லை. அந்த வருஷம் அவருடைய நண்பரான கொலெட்ச்கா என்ற பேராசிரியர் சவப் பரிசோதனை நடத்தும்போது, மாணவன் ஒருவன் கையிலிருந்த கத்தி அவர் விரலைக் கீறிவிட்டது. சில நாளில் அவர் இறந்துபோனார். அவருக்கு வந்த காய்ச்சலும் பிரசவத் தாய்மார்களுக்கு வந்ததும் ஒன்றுபோல் இருந்ததைச் செமல்வைஸ் கவனித்தார். பிணத்தைத் தொட்ட கையோடு பிரசவம் பார்க்கப் போவதுதான் காரணம் என்று புரிந்தது. குளோரின் கலந்த சுண்ணாம்புத் தண்ணீரில் எல்லோரும் கை கழுவ வேண்டும் என்று கட்டளை போட்டார். ஏப்ரல் மாதம் 100க்கு 18 ஆக இருந்த தாய்மார் சாவு ஜூன் மாதம் 100க்கு 2 என்ற அளவுக்கு இறங்கியது. பணியாளர் விரலில் பட்ட கீறலும் பிரசவக் கட்டிலில் கிடந்த தாயின் சாவும் ஒரே காரணத்தால் வந்தவை என்பது அப்படித் தெரிந்தது.

அந்தக் குளோரின் சுண்ணாம்புதான் இன்றைக்கு நம் கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடர். வார்டு துடைக்கவும் அதுதான். அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. பிளீச்சிங் கரைத்த வாளியில் கழிவறை ஆசிட்டை ஊற்றாதீர்கள். "ரெண்டும் சேர்ந்தா நல்லா வெளுக்கும்" என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஊற்றினால் கிளம்புவது குளோரின் வாயு. 1915ல் முதல் உலகப் போரில் எதிரிப் படைமேல் விட்டார்களே, அதே விஷவாயு. மூச்சுக்குழாய் வெந்துபோகும். ஆஸ்துமா உள்ளவர்கள் பிளீச்சிங்கைத் தனியாகக் கரைக்கும்போதும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

காற்றில் வருவது

காசநோய், கொரோனா போன்றவை இருமலோடு வரும். காசநோய் வார்டில் ஜன்னலைச் சாத்தி வைப்பது நோயைப் பணியாளருக்குக் கொடுப்பது போல. குளிராக இருந்தாலும் திறந்து வையுங்கள். சாதாரணத் துணி மாஸ்க், நீங்கள் இருமினால் மற்றவருக்குப் போகாமல் தடுக்க மட்டும் ஓரளவு உதவும். காசநோயாளியின் பக்கத்தில் நிற்பவருக்கு என்-95 என்ற கெட்டி மாஸ்க் வேண்டும். அதை மூக்கோடு ஒட்டிப் போட வேண்டும். உங்களுக்கே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நோய் இருந்தால் வீட்டில் உள்ள சின்னப் பிள்ளைகளையும் காட்டுங்கள். மருந்து பெரும்பாலும் ஆறு மாதம், இலவசம்.

2018 மே மாதம் பக்கத்துக் கேரளத்தில், கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரிக்குக் காய்ச்சலோடு ஒரு நோயாளி வந்தார். அது நிபா என்று அப்போது யாருக்கும் தெரியாது. அவரைக் கவனித்த நர்ஸ் லினி மே 21ஆம் தேதி இறந்துபோனார். இரண்டு சின்னப் பையன்கள். கணவர் வளைகுடா நாட்டில் வேலையில் இருந்தவர். தனக்கு என்ன வந்திருக்கிறது என்று புரிந்ததும், சாவதற்கு முன் கணவருக்குச் சில வரிகள் எழுதி வைத்தார். அவர் செய்தது எந்த நர்ஸும் தினமும் செய்கிற வேலை. நோய் இன்னது என்று தெரிந்த பிறகு கையுறையும் மாஸ்க்கும் போடலாம் என்று இருந்தால் தாமதமாகிவிடும் என்பதற்காக இதைச் சொல்கிறோம். யார் வந்தாலும், என்ன நோய் என்றாலும், முதல் நோயாளியிலிருந்தே போட வேண்டும்.

வேலை உடுப்போடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்காதீர்கள். முடிந்தால் ஆஸ்பத்திரியிலேயே மாற்றிக்கொண்டு, உடுப்பைத் தனிப் பையில் கொண்டுவந்து, வேறு துணியோடு சேர்க்காமல் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள்.

குழந்தை வேண்டும் என்று நினைக்கும் தம்பதிகளுக்கு

நம் ஊரில் ஒரு வழக்கம். நாள் தள்ளிப்போனால் மூணு மாதம் வரை வெளியே சொல்லக் கூடாது, கண்ணு பட்டுவிடும் என்பார்கள். மற்ற பெண்கள் அப்படி இருந்தால் பாதகமில்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு இது ஆபத்து. பிள்ளைக்கு இருதயம், கண், காது, மூளை எல்லாம் உருவாகிற காலம் அந்த முதல் மூன்று மாதம்தான். எக்ஸ்ரே கதிரும், புற்றுநோய் மருந்தும், ரூபெல்லா காய்ச்சலும் அதிகக் கேடு செய்வது அப்போதுதான். ஊருக்குச் சொல்ல வேண்டாம். நாள் தள்ளியது உறுதியானதும் பொறுப்பு நர்ஸிடம் மட்டும் தனியாகச் சொல்லி வேலையை மாற்றிக் கேளுங்கள்.

எக்ஸ்ரே பற்றி அநாவசியப் பயமும் இருக்கிறது, அநாவசியத் தைரியமும் இருக்கிறது. மெஷின் ஓடாதபோது அந்த அறையில் கதிர் கிடையாது. கூட்டித் துடைக்கலாம். படம் எடுக்கும் அந்த நொடியில்தான் கதிர் வரும். அடம்பிடிக்கும் குழந்தையையோ நிற்க முடியாத கிழவரையோ பிடித்துக்கொள்ள "இங்க வாம்மா" என்று ஆயாவைக் கூப்பிடுவார்கள். தினமும் ஒரே ஆளைக் கூப்பிடுவார்கள். அது தவறு. நோயாளியின் சொந்தக்காரர், கர்ப்பிணியாக இல்லாதவர், ஈய அங்கி போட்டுக்கொண்டு பிடிக்கட்டும். அந்தப் பிரிவிலேயே வேலை பார்ப்பவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு கதிர் அளவு வில்லை கொடுப்பார்கள். அதை வீட்டு மாடத்தில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்! கர்ப்பம் என்று எழுத்தில் தெரிவித்த பிறகு, மீதி மாதங்கள் முழுவதற்கும் சிசுவுக்கு 1 மில்லி சீவர்ட்டுக்கு மேல் கதிர் படக் கூடாது என்பது நம் நாட்டு விதி. தெரிவித்தால்தான் அந்த விதி உங்களைக் காக்கும்.

புற்றுநோய் மருந்தைக் கலக்கும் நர்ஸுக்கு மட்டும் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். அந்த மருந்து ஏறிய நோயாளியின் சிறுநீரிலும் வாந்தியிலும் சில நாள் மருந்து இருக்கும். அதை அள்ளுகிறவர் கையுறையும் மேலங்கியும் போட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

ரூபெல்லா தடுப்பூசியைக் கர்ப்பத்துக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். போட்ட பிறகு ஒரு மாதம் கர்ப்பம் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பத்தில் அதைப் போட முடியாது. அம்மை வார்டிலும் கர்ப்பிணிகள் வேலை செய்ய வேண்டாம்.

முதுகும் தூக்கமும்

இதற்குக் கிருமி தேவையில்லை. அறுபது எழுபது கிலோ நோயாளியை ஒருவராகக் கட்டிலிலிருந்து தூக்கி ஸ்ட்ரெச்சரில் போடுகிறவருடைய முதுகு நாற்பது வயதிலேயே போய்விடும். இரண்டு பேராகத் தூக்குங்கள், விரிப்போடு சேர்த்து இழுங்கள், இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். ஆள் இல்லை என்றால் கூப்பிட்டு வரும்வரை காத்திருங்கள்.

இரவு டூட்டி பற்றி மாமியார்மாருக்கும் புருஷன்மாருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. இரவெல்லாம் கண் விழித்து வந்த மருமகள் காலை ஒன்பது மணிக்குப் படுத்தால் "பட்டப்பகலில் தூங்குகிறாள்" என்று பேச்சு வரும். அந்தப் பேச்சுக்குப் பயந்து அவள் சமையலும் துணியும் முடித்துப் பன்னிரண்டு மணிக்குப் படுப்பாள். பிள்ளை மூன்று மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும். மறுபடி ராத்திரி டூட்டி. மூன்று மணி நேரத் தூக்கத்தோடு ஊசி பிடிக்கிற கைதான் தவறிக் குத்திக்கொள்ளும். மாதவிடாய் ஒழுங்கு தப்புவதும் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் தொடர்ந்து இரவு வேலை செய்பவர்களிடம் அதிகம் காணப்படுகின்றன. அவள் தூங்கும் அறைக்குப் புடவை ஒன்றைத் திரையாகக் கட்டி, டி.வி.யை நிறுத்தி, அன்றைய சமையலைப் புருஷன் பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் இதைச் சொல்லும்போது ஆண்கள் சிரிப்பார்கள். ஆஸ்பத்திரி சமையல்கட்டில் அண்டா கிண்டுகிறவர்களில் ஆண்கள் பலர் உண்டு என்பதை ஞாபகப்படுத்துகிறோம்.

ஒப்பந்தத் தொழிலாளருக்கு இதெல்லாம் உண்டா?

உண்டு. 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் கழிவைக் கையாளும் யாரையும் விட்டுவைக்கவில்லை. வேலையில் சேரும்போதும், பிறகு வருஷத்துக்கு ஒரு முறையும் உடல் பரிசோதனை, காமாலை பி தடுப்பூசி, டெட்டனஸ் தடுப்பூசி, கையுறை, பூட்ஸ், பயிற்சி எல்லாவற்றையும் தர வேண்டியது ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் பொறுப்பு. "நீ காண்ட்ராக்ட் ஆள், உனக்குக் கிடையாது" என்று யாராவது சொன்னால் அவருக்கு விதி தெரியவில்லை என்று அர்த்தம். ஆஸ்பத்திரி வேலையில் தொற்றிய நோயைத் தொழில்நோய் என்று இழப்பீட்டுச் சட்ட அட்டவணையில் சேர்த்திருக்கிறார்கள். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அதன் வழியாகக் கேட்க வேண்டும். முன்பே சொன்ன அந்தப் பதிவேட்டு நகலும் முதல் நாள் ரத்தப் பரிசோதனைச் சீட்டும் அப்போதுதான் கை கொடுக்கும். தனியாகப் போய்க் கேட்கத் தயக்கம் இருந்தால் நாலைந்து பேராகச் சேர்ந்து, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

பிரசுரத்தின் கடைசிப் பக்கத்தில் ஆறு கட்டங்கள் அச்சிட்டிருக்கிறோம். மூன்று கணவருக்கு, மூன்று மனைவிக்கு. காமாலை பி தடுப்பூசி போட்ட தேதியை ஒவ்வொரு கட்டத்திலும் எழுதுங்கள். இரண்டாவது, மூன்றாவது ஊசிக்கு வர வேண்டிய தேதியை நர்ஸம்மாவிடம் கேட்டுப் பென்சிலால் முன்கூட்டியே குறித்துக்கொண்டு, அந்தப் பக்கத்தைக் கிழித்து ரேஷன் கார்டோடு வையுங்கள்.